சேலத்து ஜவ்வரிசி ஆலை முதலாளிகளுக்கு ஒரு ஃபிட்டரின் திறந்த மடல்

சேலம், ஆத்தூர், ராசிபுரம் சுற்றுவட்டாரத்தில் சேகோ, ஸ்டார்ச் ஆலை நடத்தும் முதலாளிமார் அனைவருக்கும் வணக்கம்.

உங்களில் பலருடைய ஆலைக்குள் நான் ஸ்பேனரோடு வந்திருக்கிறேன். அரவை மெஷினில் பேரிங் போனாலும் பம்பு ஷாஃப்ட் வளைந்தாலும் ராத்திரி பதினோரு மணிக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருக்கிறீர்கள். முப்பது வருஷத்துக்கு மேல் இதுவே பிழைப்பு. போன வருஷம் பட்டறையை மூடிவிட்டேன், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அதனால் இதை ஒரு கொட்டேஷன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். விற்பதற்கு என்னிடம் எதுவும் இல்லை.

எழுத வைத்தது ஒரு ஃபோன். உங்களில் ஒருவர்தான் கூப்பிட்டார். குடோனிலிருந்து லாரிக்கு மூட்டை போக ஒரு கன்வேயர் போட வேண்டும், இருபது மீட்டர், இடுப்பு உயரம், யாரிடம் சொல்லலாம் என்று கேட்டார். "இடுப்பு உயரம் வேண்டாங்க, தரைமட்டத்துல குழி வெட்டி உள்ளே பதிச்சிடுங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "தரையில போட்டா ஆளு குனியணுமே அண்ணா. இந்த வயசுல உங்களுக்குத் தெரியாததா?" என்றார்.

நியாயமான கேள்விதான். அன்றைக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இப்போது சொல்கிறேன்: குனிந்தாக வேண்டும் என்பது ஏற்கெனவே முடிவாகிவிட்டது. மூட்டை தரையில்தான் இருக்கிறது. எடை மெஷினிலிருந்து இறங்கிச் சாக்கு வாய் தைத்து முடித்த இடம் தரை. அதை இடுப்பு உயரத்துக்கு ஏற்றினால்தான் உங்கள் கன்வேயர் வேலையே தொடங்கும். அந்த முதல் இரண்டரை அடியை ஏற்றுவது யார்?

ஒரு மூட்டை 90 கிலோ. நம் ஊரில் விலை பேசுவதே 90 கிலோ மூட்டைக் கணக்கில்தான். சிமென்ட் மூட்டை 50 கிலோ. வீடு கட்டுகிற இடத்தில் அந்த 50 கிலோவைத் தூக்கும் ஆளைப் பார்த்தே "பாவம்" என்கிறோம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் கொடுத்த பரிந்துரையில், வயது வந்த ஆண் கையால் தூக்கிச் சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று இருக்கிறது. அமெரிக்காவில் தொழில் சுகாதாரத்துக்கென்றே இருக்கும் அரசு ஆய்வு நிறுவனம் 1991-இல் திருத்திக் கொடுத்த கணக்கு இன்னும் கறார்: எல்லாமே தோதாக இருந்தாலும், அதாவது பொருள் உடம்பை ஒட்டி, 75 சென்டிமீட்டர் உயரத்தில், நல்ல பிடியோடு, எப்போதாவது ஒரு தடவை என்று இருந்தாலும் 23 கிலோதான். நாம் தரையிலிருந்து, பிடியே இல்லாத சாக்கை, நாள் முழுக்க, ஏறக்குறைய நான்கு மடங்கு எடையில் தூக்கச் சொல்கிறோம். நம்முடைய 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 34-ஆவது பிரிவும், உடம்புக்குக் கேடு வரும் அளவுக்குக் கனமான பொருளை யாரையும் தூக்கவோ சுமக்கவோ நகர்த்தவோ வைக்கக் கூடாது என்றுதான் எழுதிவைத்தது.

என் அப்பா லீ பஜாரில் மூட்டை தூக்கியவர். இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட, மூன்றாமவர் குனிந்து முதுகில் வாங்குவார். வாங்கின பிறகு ஒன்றும் பெரிய கஷ்டமில்லை என்பார் அப்பா. நடை கூடிவிட்டால் மூட்டையே ஆளைத் தள்ளிக்கொண்டு போகுமாம். உயிர் போவது அந்தத் தூக்கிவிடும் நொடியில்தான். ஒருவன் அரை நொடி பிந்தினாலும் மொத்த எடையும் மற்றவன் இடுப்பில் இறங்கிவிடும். ஐம்பத்தைந்து வயதில் அவருக்குக் கழுத்து நிமிராது. ராஜகோபுரத்தை நிமிர்ந்து பார்த்துக் கும்பிட முடியாமல், கோபுர வாசல்படியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே போவார்.

அதனால்தான் ஒரு மனிதனாக மட்டுமில்லை, ஒரு ஃபிட்டராகவும் நான் அந்த நொடியையே பார்க்கிறேன். ஒரு லாரிக்கு 110 மூட்டை என்று வையுங்கள், 9,900 கிலோ. இடுப்பு உயரக் கன்வேயர் போட்டால், உங்கள் ஆட்கள் ஒரு லாரி லோடு முழுவதையும் இடுப்பு வரைக்கும் தூக்கிவிட்டு, அதற்கு மேல் மிச்சமிருக்கும் சுலபமான வேலையை மெஷினுக்குக் கொடுக்கிறார்கள். தலைகீழ் ஏற்பாடு இது.

எனக்கே இது பட்டுத்தான் புரிந்தது. பல வருஷத்துக்கு முன்னால், ஓர் ஆலைக்கு நானே இடுப்பு உயரத்தில் பெல்ட் கன்வேயர் செய்து கொடுத்தேன். பெயிண்ட் அடித்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து ஓடவிட்டோம். முதலாளிக்கு அவ்வளவு சந்தோஷம். மூன்றே வாரத்தில் லோடுமேன்கள் அதைத் தொடுவதை விட்டுவிட்டார்கள். நான் போய்க் கேட்டேன். அவர்களில் மூத்தவர் சொன்னார்: "ஃபிட்டரண்ணா, உங்க மெஷின் மேலே ஏத்தறதுக்கும் ரெண்டு பேர் தூக்கிவிடணும், முதுகுல ஏத்தறதுக்கும் ரெண்டு பேர் தூக்கிவிடணும். முதுகுல ஏத்தினா நேரா லாரிக்கே போயிடலாம். இடையில இது எதுக்கு?" அடுத்த தடவை போனபோது கன்வேயர் மேல் காலிச் சாக்கு காய்ந்துகொண்டிருந்தது. அடியில் நாய் படுத்திருந்தது. அந்த ஆளுக்குப் படிப்பில்லை. இஞ்சினியரிங் என்னைவிட நன்றாகவே தெரிந்திருந்தது.

கனமான பொருளை நகர்த்துவதற்குத் தூக்கவே தேவையில்லை என்பது நம் ஊருக்குப் புதிய செய்தியா? வைகாசியில் சுகவனேசுவரர் கோயில் தேர் நகர்வதைப் பார்த்துத்தானே வளர்ந்தோம். அதை யாரும் தூக்குவதில்லை. அடியில் சக்கரம், முன்னால் வடம், நிறுத்துவதற்கு முட்டுக்கட்டை. தரைமட்டக் கன்வேயரும் இந்த மூன்றும்தான். செயினில் இருக்கும் சின்னச் சின்ன ரோலர் சக்கரம், செயினே வடம், பிரேக்கும் சிவப்பு ஸ்விட்சும் முட்டுக்கட்டை.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். தரையில் நீளமாக ஒரு குழி. அதற்குள் இரண்டு பக்கமும் ரயில் தண்டவாளம் போல ஆங்கிள், அதாவது எல் வடிவ இரும்பு. அவற்றின் மேல் இரண்டு செயின் ஓடும். இரண்டு செயினையும் குறுக்கே இரும்புப் பட்டைகள் இணைக்கும். பட்டை, பட்டை, பட்டையாக ஏணிப்படியை நெருக்கி வைத்தது போல. பட்டையின் மேல் முகம் உங்கள் குடோன் தரைக்குச் சமமாக இருக்கும். ஓடாதபோது அதன் மேல் நடந்து போகலாம், கைவண்டியைத் தள்ளிக்கொண்டும் கடக்கலாம். மூட்டையை அதன் மேல் சாய்த்தால் போதும். நிற்கிற மூட்டையைச் சாய்க்க ஓர் ஆள் போதும், அதிலும் நடுத்தர உடம்புக்காரரே போதும். அடுக்கி வைத்த அட்டியின் மேல் வரிசையில் இருக்கும் மூட்டையா? பலகை சாய்த்து வழுக்கவிட்டால் நேராகப் பட்டையில் வந்து உட்காரும். எடை மெஷினையும் கூடவே தரைக்குள் இறக்கிவிட்டீர்கள் என்றால், சாக்கு தைத்த இடத்திலிருந்து லாரி வரைக்கும் மூட்டை ஓர் அங்குலம்கூட ஆள் பலத்தில் ஏறாது.

"அவ்வளவு எடைக்கு எவ்வளவு பெரிய மோட்டார் வேண்டும்?" என்று கேட்பீர்கள். மீட்டருக்கு ஒரு மூட்டை வீதம் 20 மீட்டரில் 20 மூட்டை, 1,800 கிலோ. பட்டையும் செயினும் மேலே ஓடுவதும் கீழே திரும்புவதுமாக ஓர் 1,200 கிலோ என்று வையுங்கள். மொத்தம் 3,000 கிலோ. ஆனால் இதை யாரும் தூக்கப் போவதில்லையே. ரோலர் வைத்த செயின் என்றால் இழுக்க எடையில் பத்தில் ஒரு பங்கு விசை போதும், 300 கிலோ. நிமிஷத்துக்கு 10 மீட்டர் வேகத்தில் இழுக்க அரை கிலோவாட்தான் கணக்கில் வரும். கியர் பாக்ஸில் போவது, முழு லோடோடு கிளம்புவது எல்லாம் சேர்த்து 2 எச்.பி. மோட்டார் போட்டால் தாராளம். உங்கள் கிழங்குக்காரர் தோட்டத்துக் கிணற்றில் இதைவிடப் பெரியது ஓடுகிறது. அந்த வேகத்தில் மெஷின் நிமிஷத்துக்குப் பத்து மூட்டை கொண்டுபோகும். ஆட்கள் நிதானமாக நாலு மூட்டை வைத்தாலே ஒரு லாரி அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

கடைசியில் லாரி பாடிக்கு ஏற வேண்டுமே? குடோன் தரையே நாலடி மேடை என்றால் ஏற்றமே வேண்டாம், லாரியைப் பின்னால் ஒட்டி நிறுத்தினால் போதும். இல்லையென்றால் கடைசி நாலு மீட்டரை மட்டும் சாய்வாக ஏற்றி, பட்டைகளில் தடுப்பு வையுங்கள். 20 டிகிரிச் சாய்வில் மூட்டை வழுக்காது.

இடுப்பு உயரம் எங்கேயுமே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1913-இல் ஃபோர்டு கம்பெனி ஹைலேண்ட் பார்க் ஆலையில் நகரும் வரிசையைக் கொண்டுவந்தபோது, பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடித்த கார் சேஸிஸ் கோக்கும் வேலை அடுத்த வருஷத்துக்குள் ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது. அங்கே வரிசையை ஆளின் உயரத்துக்கு ஏற்ப உயர்த்தவும் செய்தார்கள். காரணம், ஆட்கள் அங்கே பொருளின் மேல் நின்று வேலை செய்கிறார்கள், நட்டு முடுக்குகிறார்கள். உங்கள் ஆலையிலும் ஜவ்வரிசியில் கல், கருப்பு பொறுக்கும் இடம் இடுப்பு உயரத்தில்தான் இருக்க வேண்டும். அங்கே பெண்களைத் தரையில் குந்தவைத்துப் பொறுக்கவிடுவது இன்னொரு பாவம், அதைத் தனியாக எழுத வேண்டும். ஆனால் மூட்டையின் மேல் யாரும் எந்த வேலையும் செய்யப் போவதில்லை. அது போனால் போதும்.

இப்போது நீங்கள் காசு குறைக்கப் பார்க்கும் இடத்துக்கு வருகிறேன். குழி.

மோட்டார் எந்தக் கம்பெனி, செயின் எந்தக் கம்பெனி என்று நூறு கேள்வி கேட்பீர்கள். குழி என்றதும் "நம்ம கொத்தனார் வெட்டிடுவார்" என்று முடித்துவிடுவீர்கள். நான் செய்த முதல் தரைமட்டக் கன்வேயரை அந்தக் குழிதான் தின்றது. ஐப்பசியில் மழை, ஆலையில் சீசன் உச்சம். களத்துத் தண்ணீரும் மாவுத் தண்ணீரும் குழிக்குள் இறங்கின. வெளியேற வழி வைக்கவில்லை. மாவு புளித்து நாற்றம் எடுத்தது, செயின் துருப்பிடித்து இறுகியது. பட்டையின் துரு சாக்கில் கோடு கோடாக இறங்கியது. வெண்மையைப் பார்த்து விலை சொல்லும் சரக்குக்குத் துருக்கறை படிந்த சாக்கு எவ்வளவு அழகு என்பதை நீங்களே யோசியுங்கள். அதனால் குழியின் அடித்தளம் நூற்றுக்கு ஒன்று சாய்வாக இருக்கட்டும், தாழ்ந்த மூலையில் ஒரு தொட்டியும் தண்ணீர் ஏறினால் தானே ஓடும் சின்ன பம்பும் இருக்கட்டும். திரும்பி வரும் பட்டைக்கும் குழி அடிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விடுங்கள், துடைப்பம் நுழைய வேண்டும். தரையின் இரண்டு விளிம்பிலும் கான்கிரீட்டோடு சேர்த்து ஆங்கிள் பதியுங்கள், இல்லாவிட்டால் கைவண்டிச் சக்கரம் ஒரே சீசனில் விளிம்பை உடைத்துவிடும். பட்டையை ஸ்டெயின்லெஸ்ஸில் போட முடிந்தால் போடுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உருக்காலையை ஊருக்குள் வைத்துக்கொண்டு நாம் துருவோடு மல்லுக்கட்டுவது எனக்கு எப்போதும் வேடிக்கையாகத்தான் இருக்கும்.

அதே குழியில்தான் நான் சொல்லக் கூசும் சம்பவமும் நடந்தது. கிரீஸ் வைப்பதற்காகக் கடைசி முனையில் மூடித் தகட்டைக் கழற்றி ஓரமாக வைத்தேன். வேலை பாதியில் டீ வந்தது. ஐந்து நிமிஷம்தான். பின்பக்கமாகவே நகர்ந்து தரையைப் பெருக்கிக்கொண்டு வந்த ஓர் அக்கா காலை உள்ளே விட்டுவிட்டார். மெஷின் நின்றிருந்ததால் எலும்பு முறிவோடு போயிற்று. ஓடிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கப் பிடிக்கவில்லை. ஆலைத் தரையில் ஆபத்தான குழியோ திறப்போ இருந்தால் கெட்டியாக மூடியோ வேலியிட்டோ வைக்க வேண்டும் என்று அதே 1948 சட்டத்தின் 33-ஆவது பிரிவு எழுதிவைத்தது. அந்த எண்ணை எனக்கு யாரும் பாடமாகச் சொல்லித்தரவில்லை, அந்த அக்காவின் மாவுக்கட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு கழற்றிவைக்கும் மூடியே நான் போடுவதில்லை. கீல் வைத்த மூடிதான். மூடி திறந்தால் மோட்டார் நிற்கும்படி ஒரு ஸ்விட்சும் உண்டு. கைவைக்கும் முன்னால் ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். இது பழைய பழக்கம்தான், ஆனால் என் சட்டைப் பையில் இருக்கும் ஃபியூஸை வேறு யாரும் போட முடியாது.

ஓடும் பட்டைக்கும் தரை விளிம்புக்கும் நடுவே விரல் நுழையாத இடைவெளிதான் இருக்க வேண்டும். நீளம் முழுக்க ஒரு கயிறு, எங்கிருந்து இழுத்தாலும் நிற்கும்படி. கிளம்புவதற்கு முன்னால் ஒரு மணி அடிக்கட்டும், அதன் பிறகு சில நொடி கழித்து ஓடட்டும். புடவை முந்தானை, வேட்டி நுனி, தலையில் கட்டிய துண்டு எல்லாம் நம் ஊர் ஆலையில் தரையைத் தொட்டபடி இருப்பவை. வெளியூர்க் கம்பெனிக்காரர் படத்தில் வரும் ஆட்கள் பேன்ட்டும் பூட்ஸும் போட்டிருப்பார்கள், அவருக்கு இது தோன்றாது.

செயின் பற்றி இரண்டே விஷயம். இரண்டு செயினையும் ஜோடியாக வாங்குங்கள், ஜோடியாகவே மாற்றுங்கள். ஒன்று அறுந்ததென்று அதை மட்டும் புதிதாகப் போட்டால், பழையது நீண்டிருக்கும், புதியது நீண்டிருக்காது. பட்டை கோணலாகி எங்காவது போய்ச் சிக்கும். ஒரு மீட்டர் செயினை அளந்து பாருங்கள், 30 மில்லிமீட்டர் நீண்டிருந்தால் அதற்கு ஆயுள் முடிந்தது. அப்புறம் ஷியர் பின். செயின் சிக்கினால் மிருதுவான அந்தப் பின் உடைந்து கியர் பாக்ஸைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காகத்தான் அது இருக்கிறது. அடிக்கடி உடைகிறதே என்று சலித்துக்கொண்டு அதன் இடத்தில் கெட்டியான போல்ட்டை முடுக்கிவிடும் கெட்டிக்கார மெக்கானிக் ஒவ்வோர் ஆலையிலும் ஒருவர் இருக்கிறார். அடுத்த தடவை கியர் பாக்ஸ் உடையும். அவர் செலவு மிச்சம் பிடித்ததாக அதுவரைக்கும் உங்களிடம் நல்ல பெயர் வாங்கியிருப்பார்.

லோடுமேன்களைப் பற்றி. மெஷின் வந்ததும் மூட்டைக்கு இவ்வளவு என்ற ஏற்றுக்கூலியை உடனே பாதியாக்கப் பார்ப்பீர்கள். அப்படிச் செய்தால் அந்த மெஷின் ஓடாது என்பதை அனுபவத்தில் சொல்கிறேன். செயினுக்குள் ஒரு கல் விழும், யார் போட்டது என்று தெரியாது. அதற்கு அவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன். கூலியைத் தொடாதீர்கள். லாரி சீக்கிரம் கிளம்புவது உங்களுக்கு லாபம், அதே ஆட்கள் அறுபது வயது வரைக்கும் வேலைக்கு வர முடிவது அவர்களுக்கு லாபம். எப்படியும் இளவட்டங்கள் யாரும் இந்த வேலைக்கு வருவதில்லை என்று நீங்கள்தான் புலம்புகிறீர்கள். முதுகு போகாத வேலை என்றால் வருவார்களோ என்னவோ.

எல்லா ஆலைக்கும் இது வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எடை மெஷினுக்கும் லாரிக்கும் பத்தடிதான் தூரம் என்றால் குழி வெட்டாதீர்கள். ஹைட்ராலிக் கைவண்டி ஒன்றும் கொஞ்சம் மரப் பேலட்டும் போதும். கிழங்கு கழுவும் இடத்துக்குப் பக்கத்திலும் வேண்டாம், எவ்வளவு வடிகால் வைத்தாலும் தோற்றுப்போவீர்கள். குடோனை அடுத்த வருஷம் இடித்துக் கட்டும் எண்ணம் இருந்தால் அதுவரை பொறுங்கள். குழியைப் பெயர்த்து எடுத்துப் போக முடியாது.

இன்னொன்று, இதற்கு மெஷினே வேண்டாம். 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மூட்டை மேல் ஊர் பெயரைப் பெருமையாக அச்சடிக்கிறீர்கள். அந்த மூட்டையை 50 கிலோவாக்கினால் என்ன? அரிசி எப்போதோ இறங்கிவிட்டது, சிமென்ட் 50-தான். விலையை 90 கிலோவுக்கே பேசிக்கொள்ளுங்கள், அது கணக்கு. சாக்கு மட்டும் 50-க்கு வரட்டும். கன்வேயர் லாரி வாசல் வரைக்கும்தான் வரும். லாரிக்குள் அடி அடியாக அட்டி போடுவது அப்போதும் மனிதக் கைதான். ஆனால் ஓர் ஆலை மட்டும் மாறினால் வியாபாரி எடுக்க மாட்டான், எல்லோரும் சேர்ந்துதான் மாற்ற வேண்டும். அதற்குத்தான் இதை ஒருவருக்குத் தனிக் கடிதமாக எழுதாமல் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதினேன்.

ஃபோன் செய்த முதலாளிக்கு: கொத்தனாரை வரச்சொல்வதற்கு முந்தின நாள் சொல்லி அனுப்புங்கள். சுண்ணாம்புப் பொடியும் நூலும் நானே கொண்டுவந்து கோடு போட்டுத் தருகிறேன். உங்கள் குடோனில் மூத்த லோடுமேன் யாரோ அவரும் அன்றைக்கு அங்கே இருக்கட்டும். கோடு எங்கே திரும்ப வேண்டும் என்பதை அவரைக் கேட்டுத்தான் போட வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஆலைகளில் கிரீஸ் பூசிய கை